மைனா ஒன்று மேடையேறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூன் விடுமுறை வருகிறது என்றாலே சிறுவர்களுக்கான தமிழ் நிகழ்ச்சிகளைப் பற்றிய அறிவிப்புகளும் வரத் தொடங்கிவிடும். மாறுவேடப் போட்டி, கதை சொல்லும் போட்டி, குறள் ஒப்புவிக்கும் போட்டி, அப்புறம் பேச்சுப் போட்டி. நடக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. என் பேத்தியும் ஔவையார் வேடம் போட்டு ஒரு கோப்பை வாங்கி வந்தவள்தான். ஆனால் போட்டி இல்லாமல், பரிசு இல்லாமல், கடைசியில் ஒரு நீதியும் இல்லாமல், பாட்டி முதல் நான்கு வயதுப் பிள்ளை வரை எல்லாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாய்விட்டுச் சிரித்துவிட்டு வரும்படியான தமிழ் மேடை நிகழ்ச்சி ஒன்று, வருடா வருடம் அதே பாத்திரத்தோடு வருகிற ஒன்று, சிங்கப்பூரில் என் கண்ணில் படவில்லை. இருந்தால் யாராவது சொல்லுங்கள், அடுத்த காட்சிக்கே வரிசையில் வந்து நிற்கிறேன்.

இந்த நினைப்பு எனக்கு இங்கிலாந்தில் வந்தது. மகள் குடும்பம் மான்செஸ்டர் பக்கம் இருக்கிறது. மருமகன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஆனால் வளர்ந்ததெல்லாம் அங்கேதான். நாங்கள் போயிருந்த சமயத்தில் பேரனைச் சாக்கு வைத்து, சூட்டி என்ற பொம்மையின் மேடை நிகழ்ச்சிக்கு எல்லாருக்குமாக டிக்கெட் எடுத்துவிட்டார். சாக்கு என்று ஏன் சொல்கிறேன் என்றால், அரங்கில் பையனைவிட அப்பாதான் அதிகம் துள்ளினார். சரி, இவர் ஒருவர்தான் இப்படி என்று சுற்றிப் பார்த்தால், என் வயதுக்காரர்கள்கூடப் பொம்மையின் மந்திரத்தை வாய்க்குள் சேர்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்!

சூட்டியைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கையில் மாட்டி ஆட்டுகிற மஞ்சள் கரடிக் குட்டி அது, காது இரண்டும் மூக்கும் மட்டும் கறுப்பு. ஹாரி கார்பெட் என்று ஒரு பொறியாளர், ஓய்வு நேரத்தில் சின்னச் சின்ன மாயவித்தைகள் காட்டுகிறவர், 1948இல் பிளாக்பூல் கடற்கரைக்கு விடுமுறைக்குப் போன இடத்தில் நார்த் பியர் பாலத்தில் இருந்த ஒரு கடையில் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்ட ஏழரை ஷில்லிங் கொடுத்து வாங்கிய பொம்மை. 1952இல் பிபிசியில் புதுமுகக் கலைஞர்களுக்கான நிகழ்ச்சி ஒன்றில் அதைக் கையில் மாட்டிக்கொண்டு வந்தார். கறுப்பு வெள்ளைத் திரையில் மஞ்சள் முகம் வெறும் வெளிறலாகத் தெரியும் அல்லவா, அதனால் காதிலும் மூக்கிலும் கரியைப் பூசினார். பெயரும் அந்தக் கரியிலிருந்து வந்ததுதான், ஆங்கிலத்தில் கரிக்குச் 'சூட்' என்றுதானே பெயர். 1955 முதல் சொந்த நிகழ்ச்சி. 1957இல் ஸ்வீப் என்ற நாய் சேர்ந்தது, 1964இல் சூ என்ற பெண் பாண்டா. பாண்டா வந்தபோது அதுவும் கரடியும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்று பிபிசியில் பெரிய பேச்சே நடந்ததாம். பொம்மைக்கும் கற்பு பார்க்கிறவர்கள் நம் ஆட்கள் மட்டும்தான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

பிறகு பிபிசி கைவிட்டது, போட்டித் தொலைக்காட்சியான ஐடிவி எடுத்துக்கொண்டது. ஹாரிக்கு நெஞ்சுவலி வந்து உடம்பு ஒத்துழைக்காமல் போனபோது, 1976இல் மகன் மேத்யூ பொம்மையைக் கையில் எடுத்தார். மேத்யூ 1998இல் ஓய்வு பெற்றபோது ரிச்சர்ட் கேடல் என்ற மாயவித்தைக்காரர் வந்தார், சின்ன வயதிலிருந்தே சூட்டிப் பித்துப் பிடித்தவர். 2008இல் உரிமையையே விலைக்கு வாங்கிவிட்டார். இன்றைக்கும் மேடை மேடையாகப் போகிறது அந்தக் கரடி. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகிறது, கைகள்தான் மாறியிருக்கின்றன.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன். மேடையில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் அந்த மனிதர், அவர் கையில் பொம்மை. ஆள்காட்டி விரல் தலைக்குள், கட்டைவிரலும் நடுவிரலும் இரண்டு கைகள், அவ்வளவுதான் அதன் உடம்பு. வாய் திறக்காது, கண் சிமிட்டாது. நான் நாற்பது வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவள், முதலில் என் கண் போனது அந்தத் துணியின் மீதுதான், இதில் என்ன இருக்கிறது, அரை நாளில் தைத்துவிடலாமே என்று தோன்றியது. கொஞ்ச நேரத்தில் அது தலையைச் சாய்த்து அந்த மனிதரைப் பார்த்த பார்வையில் "இவர் இப்போது நன்றாக மாட்டப் போகிறார்" என்று எனக்கே புரிந்தது. அது வெறும் பிளாஸ்டிக் கண் என்பதெல்லாம் அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

கவனியுங்கள், சூட்டி பேசாது. அவருடைய காதில் போய்க் குசுகுசுக்கும், அவர் அதைத் திருப்பிச் சொல்வார். "என்ன, இவர்கள் மேல் தண்ணீர் அடிக்கப் போகிறாயா? கூடாது, கூடாது!" என்பார். உடனே அரங்கம் முழுக்க "அடி, அடி" என்று கத்தும். கூடவே வரும் நாய்க்கும் பேச்சு இல்லை, கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம் மட்டும், சாக்ஸஃபோன் வாத்தியத்தின் நாக்கை வைத்து அந்தச் சத்தத்தை எழுப்புகிறார்களாம். பாண்டா மட்டும் ஒழுங்காக வாய் திறந்து பேசும், மற்ற இரண்டு பேரையும் அதட்டும், எந்தக் குடும்பத்திலும் ஒரு பெண்பிள்ளைக்கு விதித்ததுதானே. அந்த மனிதர் முதுகைத் திருப்பினால் பொம்மை மந்திரக்கோலைத் தூக்கும், நீர்த்துப்பாக்கியை எடுக்கும், மாவைக் கொட்டும். பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று அவரை எச்சரிப்பார்கள். அவர் திரும்புவதற்குள் பொம்மை ஒன்றுமே தெரியாததுபோல் நிற்கும். அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து. இதே விளையாட்டுதான் ஒரு மணி நேரமும், யாருக்கும் சலிக்கவில்லை.

பொம்மை பேசாததால் பிள்ளைகள் பேசுகிறார்கள். இதுதான் என் தலைக்குள் புகுந்துகொண்டது. என் பேரன் மூன்று வயது வரை வாய் திறக்காமல் எங்களைக் கவலைப்பட வைத்தவன். அன்றைக்கு அவன்தான் எங்கள் வரிசையிலேயே உரக்கக் கத்தியவன், தொண்டை கட்டிவிட்டது. அவனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, "சொல்லு கண்ணா, தாத்தாவுக்குச் சொல்லிக் காட்டு" என்று கெஞ்சவில்லை. மேடையில் ஒரு அநியாயம் நடக்கிறது, அது அந்தப் பெரிய மனிதருக்குத் தெரியவில்லை, இவனுக்குத் தெரிகிறது, எப்படிச் சும்மா இருப்பான்?

இதையே சிங்கப்பூரில் தமிழில் யோசித்துப் பாருங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு, ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு. இந்தப் புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிற கடிதங்கள் உங்களுக்கு நிறைய வரும், நான் அதைச் செய்யப் போவதில்லை. எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் நன்றாகவே புரிகிறது. பாட்டி என்ன திட்டினாலும் விளங்கிக்கொள்கிறார்கள், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. ஏன் என்றால் அவர்கள் தமிழில் வாய் திறக்கும் இடமெல்லாம் யாராவது ஒருவர் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருக்கிறார். வகுப்பில் ஆசிரியர், மேடையில் நடுவர், வீட்டில் ழகரம் சரியில்லை என்று நிறுத்திவிடும் தாத்தா. (என் வீட்டுத் தாத்தா இதைப் படிப்பார். படிக்கட்டும்.) தண்ணீர்த் துப்பாக்கியை மறைத்து வைத்திருக்கிற ஒரு பொம்மை யாருடைய ழகரத்தையும் திருத்தாது. "பின்னாடி பாருங்க அங்கிள், பின்னாடி!" என்று நூறு பிள்ளைகள் தமிழில் கத்தினால் எனக்கு அது போதும், பின்னாடியா பின்னாலேயா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மொழி என்று வரும்போது இன்னொன்று. நம் சிறுவர் நாடகங்களில் முயலும் ஆமையும்கூட மேடைத் தமிழில்தான் பேசுகின்றன. "நண்பா, நலமா? நாம் இன்று எங்குச் செல்வோம்?" எந்தப் பிள்ளை இப்படிக் கேட்டு வளர்ந்தது? 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழுவே பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. வகுப்புக்குள் வந்துவிட்ட பேச்சுத் தமிழை மேடை வாசலில் நிறுத்தி வைப்பது என்ன நியாயம்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சமூக மன்றத்தில் இப்படி ஒரு நாடகம் பார்த்தேன். எந்த மன்றம், யார் குழு என்பதெல்லாம் வேண்டாம், பாவம் நல்ல மனசோடு செய்தார்கள். முயல் வேடம் போட்ட பையன் அருமையாகத் துள்ளினான், என் பக்கத்துப் பிள்ளைகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் ஆனதும் முயல் நின்று நிதானமாகப் பிளாஸ்டிக் பையின் கேடுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. அத்தோடு பிள்ளைகள் கைத்தொலைபேசிக்குத் திரும்பிவிட்டார்கள். பிறகு சிறப்பு விருந்தினர் உரை, நினைவுப் பரிசு, ஏற்பாட்டுக் குழு, நன்கொடையாளர், எல்லாரும் சேர்ந்து படம். அந்த முயல் பையன் வேர்த்து விறுவிறுத்து ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். மறுபடி முயல் எப்போது வரும் என்று பேத்தி கேட்டாள். வரவேயில்லை. அடுத்த ஆண்டுக் கருப்பொருள் நல்லிணக்கம், அதற்கு வேறு விலங்குகள்.

என் ஆதங்கம் இங்கேதான். ஒவ்வொரு ஆண்டும் புதுக் கருப்பொருள், புது விண்ணப்பம், புதுப் பாத்திரம். அறிமுகம் ஆவதற்குள் மூட்டை கட்டி அனுப்பிவிடுகிறோம். மருமகன் அரங்கில் துள்ளினாரே, ஐந்து வயதில் பார்த்த அதே முகத்தை முப்பத்தைந்து வயதில் பார்த்ததால்தான் துள்ளினார். ஏப்ரலில் தமிழ்மொழி விழா 2007 முதல் நடக்கிறது, எஸ்பிளனேடு கலை அரங்கில் கலா உற்சவம் என்ற இந்தியக் கலை விழா அதற்கும் முன்பிருந்தே நடக்கிறது. ஒரு பொம்மையை அன்றைக்கே தொடங்கியிருந்தால், அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை இன்றைக்குத் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும்.

பொம்மைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், அது வெள்ளைக்காரர் விளையாட்டு என்று யாராவது சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். என் அம்மா நாகர்கோவில் பக்கத்துக்காரர். தோல்பாவைக் கூத்தில் ராமாயணம் விடிய விடிய நடக்கும்போது பிள்ளைகள் ராமருக்காக விழித்திருக்க மாட்டார்களாம், உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் எப்போது வருவார்கள் என்றுதான் காத்திருப்பார்களாம். இரண்டு பேரும் கோமாளிகள். கதை பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், இவர்கள் நடுவில் புகுந்து அடித்துக்கொள்வார்கள், ஊர்ப் பேச்சில் ஊர் வம்பு பேசுவார்கள். அப்பாவுக்குத் தெரிந்த அதே உச்சிக்குடும்பன் பிள்ளைக்கும் தெரியும். பொம்மை ஆட்டுவதும் அங்கே அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த தொழில். கரடிக்கு இங்கிலாந்தில் நடந்தது நமக்கு எப்போதோ நடந்ததுதான், கப்பலேறி வரும்போது உச்சிக்குடும்பனை விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

இந்த ஊரிலும் பொம்மை புதிதில்லை. நான் பிறந்து வளர்ந்த கம்பத்தில் (அந்தக் காலத்துக் கிராமக் குடியிருப்பு) சீனர்களின் ஏழாம் மாதம் வந்தால் சீனக் கோவில் முன்னால் ஹொக்கியன் கைப்பொம்மைக் கூத்து போடுவார்கள். ஒரு வார்த்தை புரியாமல் முன்வரிசையில் போய் உட்கார்ந்திருப்போம், தளபதிப் பொம்மை குட்டிக்கரணம் அடித்தால் அவர்கள் சிரிப்பதற்கு முன்பே நாங்கள் சிரிப்போம். இப்போதும் தி ஃபிங்கர் பிளேயர்ஸ் போன்ற நாடகக் குழுக்கள் 1990களிலிருந்து பொம்மை நாடகம் செய்துவருகின்றன. தொழில் தெரிந்த கைகள் ஊரிலேயே இருக்கின்றன, போய்க் கற்றுக்கொள்வதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

என்ன பொம்மை என்று கேட்பீர்கள். நீர்நாய் என்று பலர் சொல்வார்கள், பீஷானில் தொடங்கி ஊரே அதற்குக் கைதட்டிக் கொண்டாடியாகிவிட்டது, விட்டுவிடுவோம். என் ஓட்டு மைனாவுக்கு. உணவங்காடி நிலையத்தில் நீங்கள் தேநீர் எடுக்கத் திரும்பிய நொடியில் தட்டிலிருக்கும் ரொட்டிப் பரோட்டாவில் ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு போய்ப் பக்கத்து மேசையில் நின்றபடி உங்களையே முறைத்துப் பார்க்குமே, அந்த மைனா. பிடோக்கில் என் வீட்டுச் சமையலறை ஜன்னலிலேயே ஒன்று வந்து உட்காரும், துரத்தினால் போகாது, யோசித்துவிட்டுத்தான் போகும். சிங்கப்பூரில் அதைப் பார்க்காத பிள்ளையே கிடையாது. உடம்பு கறுப்பு என்பதால் பின்திரை வெளிர்நிறமாக இருக்க வேண்டும், அலகும் கண்ணும் மஞ்சள், சிறகில் வெள்ளைப் பட்டை, கடைசி வரிசைக்கும் தெரியும். தைக்கிறவளுக்கு இதைவிட வசதியான பறவை இல்லை. கிளிக்கு அடுத்தபடி பேசும் பறவை என்று பெயர் வாங்கிய மைனா மேடையில் மட்டும் வாயைத் திறக்காது, காதில்தான் சொல்லும். அதுவே பாதிச் சிரிப்பு.

பெரிய அரங்கமெல்லாம் வேண்டாம். ஒரு மேசை, ஒரு திரை, இரண்டு மூன்று பேர். எஸ்பிளனேடுக்கும் போகலாம், அடுக்குமாடியின் வெற்றுத் தளத்துக்கும் போகலாம், நூலகத்துக்கும் பாலர் பள்ளிக்கும் பேருந்தில் ஏறிப் போகலாம். டிக்கெட் விலை குறைவாக இருக்கட்டும், ஆனால் இலவசமாக இருக்க வேண்டாம். இலவசம் என்றால் நம் ஆட்கள் பாதியில் எழுந்து தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போய்விடுவார்கள்.

இதற்குக் குழு அமைக்காதீர்கள், பெயர் சூட்டும் போட்டி வைக்காதீர்கள், சின்னம் வரையச் சொல்லாதீர்கள். கார்பெட் கையிலும் மகன் கையிலும் கேடல் கையிலும் அந்தக் கரடி பிழைத்ததற்குக் காரணம், ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவருக்கு அது சொந்தப் பிழைப்பாக இருந்தது, இன்று நிகழ்ச்சி சரியில்லை என்றால் நாளைக்கு டிக்கெட் விற்காது என்ற பயம் இருந்தது. நமக்கும் அப்படி ஒருவர் வேண்டும். இருபத்தைந்து முப்பது வயது இருக்கட்டும், சின்னச் சின்ன மாயவித்தை தெரிந்தால் இன்னும் நல்லது, பத்து வருடத்துக்குக் கையிலிருந்து மைனாவைக் கழற்ற மாட்டேன் என்கிற பிடிவாதம் கட்டாயம் இருக்க வேண்டும். மானியம் கொடுப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக என்ன செய்தாய் என்று கேட்காமல், அதே மைனாவைத் திரும்பவும் கொண்டுவா என்று சொன்னால் போதும்.

பொம்மை நல்லது சொல்லித் தந்தால் என்ன தப்பு என்று கேட்கிறவர்களுக்கு நம் மரியாதை இயக்கத்தின் சின்னமான சிங்கா சிங்கத்தை ஞாபகப்படுத்துகிறேன். 1982இலிருந்து ஊருக்கே மரியாதை சொல்லிக் கொடுத்தது. 2013இல் களைத்துப்போய்விட்டேன் என்று ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டுப் போய்விட்டது, செய்தித்தாளிலெல்லாம் வந்ததே. நன்மை செய்யச் சொல்லும் வேலையில் சிங்கமே முப்பது வருடம்தான் தாங்கியது. தண்ணீர் அடிக்கும் கரடி இன்னும் மேடையில் நிற்கிறது.

மூத்தோர் சிலர் இது என்ன பண்பாடு, பெரியவர் மேல் தண்ணீர் அடிப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று அடுத்த வாரமே உங்களுக்கு எழுதுவார்கள். வெண்ணெய் திருடுகிற கண்ணனைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டும் வீடுகளிலிருந்துதான் அந்தக் கடிதங்கள் வரும்.

சரி, கடிதம் நீண்டுவிட்டது. யாராவது ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ இதைப் படித்துவிட்டுக் கை துருதுருத்தால், முதல் மைனாவை நானே தைத்துத் தருகிறேன், மாற்றுக்கு இன்னொன்றும் தருகிறேன், தண்ணீரிலும் மாவிலும் புரளுகிற பொம்மைக்கு மாற்று அவசியம். முதல் காட்சிக்குச் சிறப்பு விருந்தினர் இல்லாமல் முடியாது என்றால் அழையுங்கள். ஆனால் மேடையேறும் முன்பே அவரிடம் ஒரு துண்டைக் கொடுத்து, நனையச் சம்மதமா என்று கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பிடோக்கிலிருந்து ஒரு பாட்டி